ஹால் ஜன்னல் ஸ்லைடிங்: ஷட்டரை மட்டும் மாத்தலாமா, ஃப்ரேமோட எடுக்கணுமா?

காவேரிப்பட்டணம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஜன்னல் விஷயமா ஒரு யோசனை வேணும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

வீடு 2009-ல கட்டினது. கீழ ஹால்ல மேற்கு பாத்து ஒரு ஜன்னல், அஞ்சடிக்கு நாலடி. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்து வழக்கப்படி சுத்தியும் கிரானைட் பதிச்சு, அதுக்குள்ள அலுமினியத்துல ரெண்டு ட்ராக் ஸ்லைடிங். கிரில் உள்பக்கம், சுவத்துலயே பதிச்சிருக்கு. மாடி 2016-ல எடுத்தோம். அங்க ரெண்டு ரூம்லயும் மூணு ட்ராக், கொசுவலையோட. கிரில் வெளிப்பக்கம்.

தொந்தரவு ஹால் ஜன்னல்தான். இடது ஷட்டர் பாதி வரைக்கும் வரும், அப்புறம் ரெண்டு கையாலயும் நெட்டணும். எங்க மாமியார் பகல் பூரா அந்த ஜன்னல் பக்கத்துலதான் கட்டில் போட்டு இருப்பாங்க. அவங்களால அசைக்கவே முடியல. நான் ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் ஜன்னல் சாத்தினது சாத்தினபடி. வைகாசில மாங்காயெல்லாம் உதுருற மாதிரி ஒரு காத்து மழை அடிக்குமே, அப்ப சாத்தியிருக்கிற ஜன்னல்லயே ட்ராக் ரொம்பி, தண்ணி கிரானைட் மேல வழிஞ்சு உள்சுவத்துல இறங்குது. ஜன்னலுக்குக் கீழ பெயிண்ட் உப்பி உரிஞ்சு கிடக்கு. போன வருஷம் ஒருத்தர் வந்து பாத்துட்டு, வெளிப்பக்கம் பூரா சந்து அடைக்கிற சிலிகான் பசைய அடிச்சு விட்டுக் காசு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம்தான் தண்ணி இன்னும் ஜாஸ்தி. ஆத்தங்கரை ஊர்ங்கறதால ஆறு மணிக்கு மேல கொசுவும் சேந்துக்குது.

இப்ப விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர், “ஃப்ரேம் நல்லாத்தான் இருக்கு, ஷட்டர் ரெண்டை மட்டும் புதுசா செஞ்சு மாட்டிடலாம்”ங்கறாரு. இன்னொருத்தர் மொத்தமா எடுத்துட்டு மூணு ட்ராக் போடச் சொல்றாரு. மூணாவது ஆளு யுபிவிசி, அதான் கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல், அதைத் தவிர வேற பேசவே மாட்டேங்கறாரு. ரேட்டு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்கு. எதை நம்பறது?

ஓசூர் ஷிஃப்ட்:

டீச்சர், யோசிக்காதீங்க, யுபிவிசி. எங்க ஃபிளாட் பைபாஸ் ஓரம். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்கற ஆள் நான். முன்னாடி லாரி ஹாரன் தலைமாட்டுல கேட்ட மாதிரி இருக்கும், மாத்தினப்புறம் நல்லாக் குறைஞ்சிருக்கு. துரு இல்ல, பெயிண்ட் இல்ல, வெயில்ல தொட்டாலும் கை சுடாது. காசு ஜாஸ்திதான், ஒரு தடவை செலவு.

ரசமட்டம் (தருமபுரி):

டீச்சரம்மா, வணக்கம். நான் தருமபுரியில அலுமினிய வேலைல ரொம்ப வருஷம். இப்ப பட்டறைய பையன் பாத்துக்கறான், அளவு எடுக்க மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போவான். அதனால எனக்கு எதையும் விக்கணும்னு இல்ல.

மொதல்ல அந்த சிலிகான். வெளிப்பக்கம்னா எங்க அடிச்சாரு? ஃப்ரேமுக்கும் கிரானைட்டுக்கும் நடுவுல அடிச்சா சரி. கீழ் ட்ராக்கோட வெளி முகத்துல, அடி ஓரமா, சின்னச் சின்னதா நீட்டுவாக்குல ஓட்டை இருக்கும். ட்ராக்குக்குள்ள விழற மழைத்தண்ணி வெளிய போக வேண்டிய வழி அது. ஸ்லைடிங் ஜன்னல்ல தண்ணி ட்ராக்குக்குள்ள வரத்தான் செய்யும், வந்த தண்ணி வெளிய போயிடணும், அவ்வளவுதான் கணக்கு. “தண்ணி வருது”ன்னு சொன்ன உடனே அந்த ஓட்டையையும் சேத்து அடைச்சுட்டுப் போற ஆளுங்க இருக்காங்க. உங்களுக்கு அதுக்கப்புறம்தான் ஜாஸ்தின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு சொம்புத் தண்ணிய ட்ராக்ல மெதுவா ஊத்திப் பாருங்க. வெளிப்பக்கமா ஒழுகலைன்னா விஷயம் தெரிஞ்சு போச்சு.

அடுத்தது, ஷட்டரைக் கழட்டாம யாரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க. ஹால் கீழ்த்தளம், கிரில் உள்ள. அதனால வெளிய நின்னு கழட்டணும். ஷட்டரை நடுவுக்குக் கொண்டாந்து, நேரா மேல தூக்கினா தலைப்பக்கம் மேல் சேனலுக்குள்ள ஏறும், அடிப்பக்கம் ட்ராக்கை விட்டு வரும், அப்ப அடிய உங்க பக்கமா இழுக்கணும். ரெண்டு ஆள் வேணும். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. உங்க ஷட்டர் ஒண்ணு கிட்டத்தட்ட பத்து சதுரடி. 4 மி.மீ. கண்ணாடின்னா அதுவே 9 கிலோவுக்கு மேல, 5 மி.மீ.ன்னா பதினொண்ணரை கிலோ. அதுமேல அலுமினியம். இத்தனையும் அடியில இருக்கிற ரெண்டே ரெண்டு பேரிங் மேலதான் உக்காந்திருக்கு.

கழட்டினதும் ஷட்டரைத் திருப்பி அந்தப் பேரிங்கைப் பாருங்க. சக்கரம் கைல சுத்தினா சுத்தணும். பல வீட்ல சக்கரம் ஒரு பக்கம் தட்டையாத் தேஞ்சிருக்கும். அது உருளாது, வழுக்கிட்டுத்தான் போகும். அப்புறம் ட்ராக்குல அந்த மேடான ரயில் இருக்கே, அது மேல நகத்தை வெச்சு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் இழுங்க. ஓரத்துல வழவழன்னு வந்து, நடுவுல வெட்டு வெட்டா நகம் மாட்டினா ரயில் தேஞ்சிருக்கு. நம்ம பக்கம் இது சீக்கிரம் நடக்கும். பர்கூர், கிருஷ்ணகிரி சுத்தி கிரானைட் பாலீஷ் போடற ஃபேக்டரி, கல் லோடு ஏத்திட்டுப் போற லாரி. அந்தத் தூள்ல இருக்கிற குவார்ட்ஸ் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினம். ட்ராக்ல அது கிடக்கும்போது மேல சக்கரம் ஓடினா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைதான். இதுல தேங்காண்ணெய், கிரீஸ் வேற விடுவாங்க. தூள் அப்படியே களிம்பா ஒட்டிக்கும். பழைய பல் பிரஷ்ஷால தட்டி எடுத்துட்டு, வேணும்னா சிலிகான் ஸ்ப்ரே லேசா அடிங்க. எண்ணெய் ஆகவே ஆகாது.

மூணாவது, குறுக்கு அளவு. ஃப்ரேமோட மேல் இடது மூலையில இருந்து கீழ் வலது மூலை, அப்புறம் அந்தப் பக்கம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அஞ்சு மி.மீ.க்குள்ள வித்தியாசம்னா விட்டுடலாம். அதுக்கு மேலன்னா சட்டம் மூலைமட்டத்துல இல்ல. அதுல எத்தனை புது ஷட்டர் மாட்டினாலும் மூலையில இடிக்கும், இல்ல சந்து விடும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ரயில் நல்லாருந்து, குறுக்கு அளவும் சரின்னா ஷட்டர்கூட மாத்த வேண்டாம். பேரிங்கும், ஷட்டர் ஓரத்துல பிரஷ் மாதிரி ஓடற வுல் பைலும் மாத்தினாப் போதும். ரயில் தேஞ்சிருந்தா புது ஷட்டர் போட்டுப் பிரயோஜனம் இல்ல, புது சக்கரத்தையும் அது தின்னுடும். உங்களுக்குக் கொசுவலையும் வேணும்னா அதுக்கு ஒரு ட்ராக் வேணும். ரெண்டு ட்ராக்ல மூணாவது ஷட்டரை எங்க ஓட்டறது? ஷட்டர் மட்டும் போதும்னு சொன்ன ஆளு கொசுவைப் பத்தி உங்ககிட்ட கேக்கவே இல்லன்னு நினைக்கறேன்.

ஓசூர் தம்பி சொன்னதுல தப்பில்ல, ஆனா யுபிவிசில ஒண்ணு கவனிக்கணும். மேக்கு வெயில்ல 30 டிகிரி சூடு ஏறினா அஞ்சடி நீள யுபிவிசி கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும், அலுமினியம் 1 மி.மீ.தான். சுத்தியும் இடம் விட்டு, உள்ள இரும்பு ரீ-இன்ஃபோர்ஸ்மென்ட் போட்டு மாட்டினா ஒண்ணும் ஆகாது. கிரானைட்டுக்குள்ள இறுக்கி அடிச்சா மத்தியானம் ஷட்டர் பிடிக்கும், ராத்திரி விடும். உள்ள இரும்பு இருக்கான்னு வெட்டின துண்டைக் காட்டச் சொல்லுங்க. காந்தம் வெச்சாத் தெரிஞ்சுடும்.

ஊத்தங்கரை சிவில்:

ரசமட்டம் ஐயா சொன்னதோட ஒரே ஒரு விஷயம் சேக்கறேன்.

2024-ல ஃபெஞ்சல் புயல் சமயம் எங்க ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டினது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் நிறைய வீட்ல ஜன்னல் ஒழுகலுக்குப் போய்ப் பாத்தேன். இத்தனைக்கும் ஜன்னலைப் பொறுத்தவரைக்கும் மழை அளவு ரெண்டாம்பட்சம், காத்துதான் வில்லன். மணிக்கு 60 கி.மீ. வேகத்துல அடிக்கிற காத்தோட அழுத்தம், ட்ராக்ல இருக்கிற தண்ணிய ஏறத்தாழ 17 மி.மீ. உயரத்துக்கு ஏத்தி நிறுத்தும். ட்ராக்கோட உள்பக்க உதடு அதைவிடக் குட்டையா இருந்தா, ஓட்டை சரியா இருந்தாலும் தண்ணி உள்ள குதிக்கும். புதுசாப் போட்டா உள் உதடு உசரமா இருக்கிற செக்‌ஷனா, அதாவது ஃப்ரேம் செய்யற அலுமினியச் சட்டமாப் பாத்து வாங்குங்க. எல்லாருமே பக்கவாட்டு செக்‌ஷனோட கனத்தைக் கேப்பாங்க, இந்த உதட்டை யாரும் அளக்க மாட்டாங்க.

கிரானைட் சில், அதான் ஜன்னலுக்கு அடியில பதிச்ச கல், அதோட வாட்டம் எந்தப் பக்கம்னும் பாருங்க. வீடு பூசும்போது மேஸ்திரி ரசமட்டம் வெச்சுத் துல்லியமா லெவல் பண்ணியிருப்பார், அதுதான் வம்பு. வெளிப்பக்கமா லேசாச் சரிஞ்சு, சுவத்தைத் தாண்டி ஒரு அங்குலம் நீட்டி, நீட்டின அடியில ஒரு காடி வெட்டியிருந்தா சொட்டு அங்கயே விழுந்துடும். காடி இல்லன்னா தண்ணி கல்லோட அடிய ஒட்டியே திரும்பி சுவத்துக்கு வரும். கல் அறுக்கிற மிஷின் வெச்சிருக்கிற ஆள் வந்தா அரை மணி நேர வேலை.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

ரொம்ப நன்றிங்க ரசமட்டம் ஐயா, சிவில் சார். ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேந்து ஷட்டரைக் கழட்டினாங்க.

சொம்புத் தண்ணி ஊத்தினோம். ஒரு சொட்டு வெளிய போகல, உள்பக்கம் வழிஞ்சு என் காலுக்குத்தான் வந்துச்சு. ஓட்டையெல்லாம் சிலிகான் மூடியிருக்கு. கத்தி முனையால நோண்டினதும் செம்மண் கலர்ல தண்ணி பொளபொளன்னு ஊத்துச்சு. இடது ஷட்டர்ல ஒரு பேரிங் நீங்க சொன்ன மாதிரியே தட்டை. இன்னொண்ணுல சக்கரமே இல்ல, வெறும் கூடு மட்டும் ரயில் மேல உரசிட்டு இருந்திருக்கு. ரயில் நடுவுல ஒரு ரெண்டடி தூரத்துக்கு ரம்பம் மாதிரி. குறுக்கு அளவு 3 மி.மீ.தான் வித்தியாசம். சில்லு சரிவே இல்லாம லெவலா இருக்கு, காடி இல்ல.

ஆக ஃப்ரேமோட மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டோம், மூணு ட்ராக். அலுமினியமே போதும்னு வீட்டுக்காரர் சொல்றாரு. கொட்டேஷன்ல என்னென்ன எழுதச் சொல்லணும்? மாடி ஜன்னல் ரெண்டும் லேசா இறுக்கம், அதையும் இதோட சேத்து மாத்தணுமா?

ரசமட்டம் (தருமபுரி):

மாடிய தொடாதீங்க. கிரில் வெளிய, ஷட்டர் உள்ள, ரூமுக்குள்ள நின்னே கழட்டலாம். பேரிங் மாத்தி, வுல் பைல் மாத்தி, ட்ராக்கைத் துடைச்சாப் போதும். ஷட்டரோட அடி ஓரத்துல, பக்கவாட்டுல ஒரு ஸ்க்ரூ தெரிஞ்சா அது பேரிங்கை ஏத்தி இறக்கறது. சாஞ்ச ஷட்டரை அதுலயே நேர் பண்ணிக்கலாம். மாடில யாரு கிரில்லை வெளிய வெச்சாங்களோ அவங்களுக்குப் புண்ணியம். மாடில கிரில் உள்ள இருந்திருந்தா ஒரு பேரிங் மாத்தச் சாரம் கட்டணும். புதுசா வீடு கட்டற யாராவது இதைப் படிச்சா இதை ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஹாலுக்கு, ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி கிரில்ல இருந்து கிரானைட்டோட வெளி விளிம்பு வரைக்கும் அளங்க. பழைய ரெண்டு ட்ராக் ஃப்ரேம் ஏறத்தாழ ரெண்டரை அங்குல அகலம், மூணு ட்ராக் மூணரை அங்குலத்துக்கு மேல வரும். இடம் பத்தலன்னா ஃப்ரேம் சில்லுக்கு வெளிய துருத்தும், மழை நேரா அடியில போகும். அளவு எடுக்கும்போது அகலம் மேல, நடு, கீழ. உயரம் இடது, நடு, வலது. இருக்கறதுலயே சின்ன அளவை வெச்சுத்தான் ஃப்ரேம் செய்யணும். டேப்பை ஒரே இடத்துல வெச்சுட்டுக் கிளம்பற ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கொட்டேஷன்ல வெறும் “த்ரீ ட்ராக், சதுரடி இவ்வளவு”ன்னு எழுதினா அது கொட்டேஷனே இல்ல. செக்‌ஷன் எந்தக் கம்பெனி, எத்தனை மி.மீ. கனம், மேல்பரப்பு பவுடர் கோட்டிங்கா அனோடைசிங்கா, கண்ணாடி எத்தனை மி.மீ., வலை என்ன வலை, பேரிங் என்னது, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளயா வெளியயா, பழசைக் கழட்டற கூலி, கிரானைட் உடைஞ்சா யார் பொறுப்பு. இத்தனையும் வரணும். கனம் 1.2 மி.மீ.க்குக் குறையாம கேளுங்க. ஒரு துண்டு வெட்டி, கனம் அளக்கிற வெர்னியர்ல வெச்சுக் காட்டச் சொன்னா கோவிச்சுக்கிற கடையா இருந்தா வேற கடை பாருங்க.

பேரிங் நைலான் சக்கரமா இருக்கட்டும். இரும்புச் சக்கரம் பலம்னு சொல்லுவாங்க, அது அலுமினிய ரயிலை அறுக்கும். நைலான் தேஞ்சா சக்கரத்தோட போச்சு, ரயில் தப்பிச்சுக்கும்.

உங்க வீட்டுக்கு முக்கியமானது கைப்பிடி. கிரில் உள்ள இருக்கறதால கிரில் கட்டத்துக்குள்ள கைய விட்டுத்தான் ஷட்டரைத் தள்ளணும். கைப்பிடியும் லாக்கும் கட்டத்துக்கு நேரா வரணும். கம்பிக்கு நேரா வந்துட்டா முழங்கை திரும்பாது. மாமியாரைக் கட்டில்ல உக்கார வெச்சு, அவங்க கை எட்டற உயரத்துல சுவத்துல சாக்பீஸால கோடு போடுங்க, அந்த உயரத்துல கைப்பிடி. கடைக்காரன் வழக்கமா ஷட்டருக்கு நடுவுலதான் வைப்பான், சொன்னாத்தான் மாத்துவான். வலை ஷட்டர் ரூம் பக்கத்து ட்ராக்ல வரட்டும்.

ஓசூர் ஷிஃப்ட்:

ஐயா, வெயில் விஷயம் விட்டுட்டீங்களே. மேற்கு ஜன்னல். ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி போட்டா சூடு குறையுமில்ல?

ரசமட்டம் (தருமபுரி):

குறையும் தம்பி, வீடும் இருட்டும். கலர் கண்ணாடியோ ரிஃப்ளெக்டிவ்வோ போட்டா டஃபன் பண்ணினதா, அதாவது சூடாக்கிப் பலப்படுத்தினதா வாங்கணும். சன்ஷேடு நிழல் பாதி, வெயில் பாதி விழற இடத்துல சாதாக் கண்ணாடி சூட்டுலயே ஓரத்துல இருந்து கீறல் விடும். டஃபன் பண்ணினப்புறம் அறுக்க முடியாது, அதனால அளவு சரியா இருக்கணும். என்னைக் கேட்டா 5 மி.மீ. சாதா கிளியர் கண்ணாடி போட்டுட்டு, சன்ஷேடு அடியில வெளிப்பக்கமா ஒரு மூங்கில் தட்டி தொங்க விடுவேன். வெயிலை வெளியவே நிறுத்தறதுதான் லாபம். கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தப்புறம் ஸ்க்ரீன் போட்டா பாதி சூடு ரூமுக்குள்ளதான் நிக்கும்.

சத்தத்துக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ஸ்லைடிங் எதுவா இருந்தாலும் நடுவுல இருக்கறது வுல் பைல்தான், பிரஷ்ஷு. சத்தம் அதுக்குள்ள புகுந்து வரும். பைபாஸ் ஓரத்து வீட்டுக்கு ரப்பர் அமுங்கி மூடற கதவு மாதிரித் திறக்கற ஜன்னல்தான் சரி. அதுல முழு ஜன்னலும் திறக்கும், ரெண்டு கண்ணாடி ஷட்டர் ஸ்லைடிங்ல பாதிதான். டீச்சரம்மா வீட்ல கிரில் உள்ள இருக்கறதால திறக்கற ஷட்டர் போட்டா ஒவ்வொரு தடவையும் கிரில்லுக்குள்ள கைய விட்டு வெளிய தள்ளி, கொக்கி மாட்டணும். உக்காந்த இடத்துல இருந்து அவங்களால முடியாது. அதனால ஸ்லைடிங்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

கிரில்ல இருந்து விளிம்பு வரைக்கும் அஞ்சு அங்குலம் இருக்குங்க ஐயா, இடம் போதும். பழைய ஃப்ரேமைக் கழட்டினதும் கல் மிஷின்காரரை வரச்சொல்லி காடி வெட்டிடறோம். சாக்பீஸ் கோடும் போட்டாச்சு, சாக்பீஸுக்கு எங்க வீட்ல பஞ்சமில்ல. கடையில ஒரே ஒரு சந்தேகம். கூலியக் குறைச்சுக்கறேன், பழைய ஃப்ரேம், ஷட்டர் எல்லாம் எனக்குக் குடுத்துடுங்கன்னு கேக்கறாங்க. குடுக்கலாமா?

ஊத்தங்கரை சிவில்:

கழட்டினதும் கண்ணாடிய எடுத்துட்டு அலுமினியத்தை மட்டும் எடை போடுங்க டீச்சர். பழைய இரும்புக் கடையில அன்னைக்கு அலுமினியம் கிலோ என்ன ரேட்டுன்னு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. கூலில அவர் குறைக்கிறது அதுக்குச் சமமா வந்தா குடுத்துடலாம். கண்ணாடி ரெண்டும் முழுசா இருந்தா அதைக் குடுக்காதீங்க. மொட்டை மாடில அப்பளம், வத்தல் காய வைக்கிற பெட்டிக்கு மூடியாகும், இல்ல கடையில அறுத்து ஷோகேஸுக்குப் போட்டுக்கலாம்.

ரசமட்டம் (தருமபுரி):

நல்லா இருக்கிற வலது ஷட்டரோட லாக்கையும் கழட்டி வெச்சுக்குங்க. பழைய மாடல் லாக் இப்பல்லாம் லேசுல கிடைக்காது. உங்க தெருவுலயே யாருக்காவது வேண்டியிருக்கும்.